உள்ளூர் அறிவியல் புனைகதை மாநாட்டில் ஒரு நாள்: முதல்முறை தனியாகப் போகிறவருக்கு

கேள்வி இதுதான். வீட்டுக்கு எட்டும் தூரத்தில் ஒரு வார இறுதியில் அறிவியல் புனைகதை மாநாடு நடக்கிறது. சனிக்கிழமை மட்டும்தான் போக முடியும். கூட வர யாரும் இல்லை, அங்கே தெரிந்த முகமும் இல்லை. கொஞ்சம் வாசித்திருக்கிறேன், நிறையப் படம் பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் எல்லாரும் கரைத்துக் குடித்தவர்களாக இருந்தால் என்ன செய்வது? காலையிலிருந்து இரவு வரை அங்கே அப்படி என்னதான் இருக்கும்?

கண்டிப்பாகப் போங்கள். ஒரு நாள்தான் முடியும் என்றால் சனிக்கிழமையே சரியான நாள். இப்படிப்பட்ட மாநாடுகள் பெரும்பாலும் வெள்ளி பிற்பகல் மெதுவாகத் தொடங்கி ஞாயிறு பிற்பகல் கலைந்துவிடும். சிறப்பு விருந்தினரோடு உரையாடல், வேடமணிந்தோர் மேடை நிகழ்ச்சி, இரவுக் கூட்டங்கள் எல்லாம் சனிக்கிழமையில்தான் வந்து குவியும். அதனாலேயே அன்றைக்கு ஒரே நேரத்தில் ஐந்தாறு அறைகளில் ஐந்தாறு விஷயங்கள் நடந்துகொண்டிருக்கும். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடினால் மதியத்துக்குள் அலுத்துவிடும்.

முதலில் அது எந்த வகை மாநாடு என்று பாருங்கள். மாநாடு என்ற பெயரில் இரண்டு வேறு வேறு விஷயங்கள் நடக்கின்றன. ஒன்று, நிறுவனங்கள் லாபத்துக்காக நடத்துவது. திரை நட்சத்திரங்கள் வருவார்கள், கையெழுத்துக்கு ஒரு விலை, சேர்ந்து படம் எடுக்க ஒரு விலை, நாளின் பாதி வரிசையில் போகும். இன்னொன்று, ரசிகர்களே நடத்துவது. அறிவிப்பைப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். பெரிய முகங்களும் கட்டணப் பட்டியலும் முன்னால் நின்றால் முதல் வகை. விவாதத் தலைப்புகளும் அவற்றின் கீழே நான்கைந்து பெயர்களும் நீளமாகப் போனால் இரண்டாவது. முதல் வகையில் ஒரு தப்பும் இல்லை, பிடித்த நடிகரை நேரில் பார்க்கும் சந்தோஷம் நிஜமானது. ஆனால் உள்ளூர் அளவில், சில நூறு பேர் கூடுகிற மாநாடு என்றால் அது பெரும்பாலும் ரசிகர்கள் நடத்துவதாகத்தான் இருக்கும். இனி நான் சொல்வதெல்லாம் அதைப் பற்றித்தான்.

அங்கே யாருக்கும் சம்பளம் கிடையாது. வாசலில் பேட்ஜ் கொடுப்பவர், ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டுபவர், நாற்காலி அடுக்குபவர் எல்லாரும் உங்களைப் போல ரசிகர்கள். பல மாநாடுகளில் அமைப்புக் குழுத் தலைவர்கூடத் தன் கட்டணத்தைக் கட்டித்தான் உள்ளே வருகிறார். நீங்கள் கட்டுவதும் காட்சிக் கட்டணம் ஆகாது, அந்த வார இறுதிக்கான உறுப்பினர் சந்தா. அறிவியல் புனைகதைக்குக் கொடுக்கும் ஹியூகோ விருதை எடுத்துக்கொள்ளுங்கள். 1953இல் முதலில் கொடுக்கப்பட்ட அந்த விருதுக்கு இன்றும் வாக்களிப்பது உலக அறிவியல் புனைகதை மாநாட்டின் உறுப்பினர்கள்தான், நிபுணர் குழு இல்லை. உள்ளூர் மாநாட்டில் வாக்கெடுப்பு இருக்காது, ஆனால் மனப்பான்மை அதேதான். பார்வையாளர் என்று ஒரு தனிச் சாதி அங்கே கிடையாது. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவரும் சொந்தக்காரர்தானே, அது மாதிரி. சும்மா உட்கார்ந்து பார்த்தால் அரை நாள் கிடைக்கும், கொஞ்சம் கலந்துகொண்டால்தான் முழு நாளும் கிடைக்கும். மற்ற யோசனைகள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் தயக்கத்துக்கு அதிலேயே ஒரு பதில் இருக்கிறது. 1926 ஏப்ரலில் ஹியூகோ கெர்ன்ஸ்பாக் அமெரிக்காவில் ஒரு அறிவியல் புனைகதை இதழைத் தொடங்கினார். விருதுக்குப் பெயர் வந்தது இவரால்தான். அந்த இதழின் வாசகர் கடிதப் பகுதியில் எழுதியவர்களின் முழு முகவரியையும் அச்சிட்டார்கள். விளைவு, வாசகர்கள் ஆசிரியருக்கு எழுதுவதை விட்டுவிட்டு ஒருவருக்கொருவர் எழுத ஆரம்பித்தார்கள். ஊரில் தனக்கு மட்டும்தான் இந்தப் பித்து என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். கடிதம் வளர்ந்து கையால் உருட்டி அச்சடித்த சிறு இதழ்களாகி, சங்கங்களாகி, கடைசியில் நேரில் சந்திக்கும் ஆசையில் வந்து நின்றது. 1936 அக்டோபரில் நியூயார்க் ரசிகர்கள் சிலர் ரயிலேறி ஃபிலடெல்ஃபியா ரசிகர்களைப் பார்க்கப் போனார்கள். 1937 ஜனவரி 3 அன்று இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், முன்கூட்டியே அறிவித்து நடத்திய கூட்டத்துக்குச் சுமார் 20 பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர், பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளரான ஆர்தர் சி. கிளார்க். எது முதல் மாநாடு என்று இரண்டு தரப்பும் இன்னும் சண்டை போடுகின்றன. எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. இரண்டுமே ஒரு அறைக்குள் அடங்கிய கூட்டங்கள், இரண்டுக்கும் பின்னால் இருந்தது கடிதத்தில் தொடங்கிய பழக்கம்தான். 1939 ஜூலையில் நியூயார்க்கில் நடந்த முதல் உலக மாநாட்டுக்குக்கூட வந்தது சுமார் 200 பேர்தான். பின்னாளில் பெரிய எழுத்தாளரான ரே பிராட்பரி, 18 வயதில் அதற்குப் போக இன்னொரு ரசிகரிடம் கடன் வாங்கினார். ஆக, தெரிந்தவர் யாருமில்லாமல் வந்து நிற்பது இந்தக் கூட்டத்துக்குப் புதிது இல்லை.

சரி, நடைமுறைக்கு வருவோம். சந்தா முன்கூட்டியே கட்டினால் குறைவு, வாசலில் அதிகம், ஒரு நாளைக்கு மட்டும் என்று தனி விலையும் இருக்கும். நிகழ்ச்சி நிரல் ஒரு வாரம் முன்னதாகவே வெளியாகிவிடும். அதை உட்கார்ந்து படியுங்கள். அன்றைய நாளுக்குக் கட்டாயம் போக வேண்டியவை என்று மூன்றே மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள், காலை ஒன்று, மதியத்துக்குப் பின் ஒன்று, மாலை ஒன்று. மற்றதை அங்கே போய் முடிவு செய்யலாம். நிரல் எப்படியும் மாறும். ஒருவர் வரவில்லை, ஓர் அறை மாறிவிட்டது என்று பதிவு மேசை அருகே திருத்தத் தாள் ஒட்டியிருப்பார்கள். அதை ஒருமுறை பார்த்துவிட்டு நகர்வது நல்ல பழக்கம்.

காலையில் தொடங்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். பதிவு மேசையில் கூட்டம் குறைவாக இருக்கும், அங்கிருப்பவருக்கு உங்களோடு பேச நேரம் இருக்கும். "முதல்முறை வருகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சில மாநாடுகளில் அதற்கென்றே ஒரு சிறு நாடாவை பேட்ஜின் கீழ் ஒட்டிவிடுவார்கள், புதியவர்களுக்குச் சுற்றிக்காட்டும் அரை மணி நிகழ்ச்சியும் இருக்கும். பேட்ஜில் பெயரைப் பெரிதாக எழுதுங்கள். புனைபெயர் போட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள், பாதிப்பேர் அப்படித்தான் செய்கிறார்கள். பேட்ஜில் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டை வைக்கிற வழக்கம் சில இடங்களில் உண்டு. பச்சை என்றால் யாரும் வந்து பேசலாம், மஞ்சள் என்றால் தெரிந்தவர்கள் மட்டும், சிவப்பு என்றால் இப்போது வேண்டாம். கூட்டத்தில் திணறுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. பேசாமல் உட்கார ஓர் அமைதி அறையும் பல இடங்களில் இருக்கும், எங்கே என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, நாளின் முதுகெலும்பான கலந்துரையாடல்கள். பேனல் என்றே எல்லாரும் சொல்வார்கள். மேசைக்குப் பின்னால் நான்கைந்து பேர், அவர்களில் ஒருவர் நெறியாளர், சுமார் 50 நிமிடம் பேச்சு, அடுத்த அறைக்குப் போகப் பத்து நிமிடம். பேசுகிறவர்களில் எழுத்தாளர் இருப்பார், பதிப்பாசிரியர் இருப்பார், விண்கலப் பொறியாளரோ நுண்ணுயிரியல் படித்தவரோ இருப்பார், வெறுமனே நாற்பது வருடமாக வாசித்துக்கொண்டே இருக்கிற ஒருவரும் இருப்பார். பல சமயம் அந்தக் கடைசி நபர்தான் ஆகச் சிறப்பாகப் பேசுவார்.

தேர்ந்தெடுக்க என் முறை இது. தலைப்பு அகலமாக இருந்தால் தவிர்ப்பேன். "அறிவியல் புனைகதையின் எதிர்காலம்" என்று ஒன்று எல்லா மாநாட்டிலும் இருக்கும், எல்லா இடத்திலும் ஒரே பேச்சுதான். "ஈர்ப்பு இல்லாத இடத்தில் சமையல்", "நாவலில் வரும் கற்பனை மொழிக்கு இலக்கணம் வேண்டுமா", "ஒளியைவிட வேகமாகப் போகாமல் ஒரு பேரரசை ஆள முடியுமா" என்பது போலக் குறுகிய தலைப்புகளுக்குப் போங்கள். அங்கே வருகிறவர்களுக்குச் சொல்ல விஷயம் இருக்கும், சுற்றி வளைக்க இடம் இருக்காது. இரண்டாவது, தலைப்பைவிட ஆட்களைப் பாருங்கள். காலையில் ஒருவர் பேசியது பிடித்திருந்தால் நிரலில் அவர் பெயர் வேறு எங்கே வருகிறது என்று தேடி அங்கே போங்கள், தலைப்பு எதுவானாலும். நல்ல நெறியாளரின் பெயர் தெரிந்துவிட்டால் அதைவிடப் பெரிய லாபம் இல்லை. ஒரே ஆள் மைக்கைப் பிடித்துக்கொண்டு தன் புத்தகத்தைப் பற்றியே பேசும் கொடுமையிலிருந்து காப்பாற்றக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து போகலாம். இதை யாரும் அவமரியாதையாக எடுத்துக்கொள்வதில்லை, வேறு அறைக்குப் போகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அதற்காகவே ஓரத்தில் உட்காருங்கள். ஆனால் தரையில் நாடா ஒட்டிக் குறித்திருக்கும் இடம் சக்கர நாற்காலிக்கானது, அங்கே நிற்கவோ பையை வைக்கவோ கூடாது.

கேள்வி நேரத்தில் கேள்வி கேளுங்கள். கேள்வி மட்டும். "இது கேள்வி இல்லை, ஒரு கருத்து" என்று தொடங்குகிறவரைக் கண்டால் அறை முழுக்க ஒரு பெருமூச்சு எழும். மைக் கொடுத்தால் வாங்கிப் பேசுங்கள், "எனக்கு நல்ல குரல்" என்று மறுக்காதீர்கள். காது மந்தமானவர்கள் எந்த வரிசையில் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

எல்லாரும் கரைத்துக் குடித்தவர்களாக இருப்பார்களோ என்ற பயத்துக்கு வருகிறேன். இருப்பார்கள், கொஞ்சம் பேர். அந்த ஆட்களால் வரும் சுவாரஸ்யமே தனி. லாரி நிவன் 1970இல் எழுதிய 'ரிங்வேர்ல்ட்' நாவலில் ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி முழு வளையமாகக் கட்டிய உலகம் ஒன்று வரும். அடுத்த ஆண்டு பாஸ்டனில் நடந்த உலக மாநாட்டில் அங்குள்ள எம்.ஐ.டி. தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் "ரிங்வேர்ல்ட் நிலையற்றது" என்று மாநாடு நடந்த ஹோட்டலின் நடைபாதைகளில் கோஷம் போட்டார்கள். கணக்கு சரியானது. கிரகம் மாதிரி அந்த வளையம் தானாகச் சுற்றுப்பாதையில் நிற்காது. கொஞ்சம் நகர்ந்தாலும் ஒரு பக்கம் நட்சத்திரத்துக்கு அருகில் வரும், அந்தப் பக்கத்து ஈர்ப்பு கூடும், மேலும் நகரும், கடைசியில் மோதும். சனிக் கிரகத்தின் வளையம் ஒரே திடப்பொருளாக இருக்க முடியாது என்று 19ஆம் நூற்றாண்டில் காட்டியதும் இதே காரணத்தால்தான். நிவன் கோபப்படவில்லை. தொடர்ச்சி நாவலில் வளையத்தின் விளிம்பில் அதை நிலைநிறுத்தும் எந்திரங்களைப் பொருத்தினார். வாசகர் எழுத்தாளரைத் திருத்துவதும் எழுத்தாளர் அதை வாங்கிக்கொள்வதும் இந்த வட்டத்தில் இவ்வளவு சாதாரணம். உங்களுக்கு ஒன்று தெரியவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். பிடித்த விஷயத்தைப் புதிதாக ஒருவருக்கு விளக்கும் வாய்ப்பைவிட ஒரு ரசிகருக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய பெரிய பரிசு வேறு இல்லை. சில சமயம் நிறுத்தச் சொல்வதுதான் கஷ்டம்.

நீங்கள் எதையோ வாசித்ததில்லை என்பதற்காக யாராவது ஏளனமாகப் பேசினால், அவர் எல்லா மாநாட்டிலும் இருக்கும் ஒரு வகை. நகர்ந்துவிடுங்கள்.

புதியவர்கள் பொதுவாகத் தவறவிடுவது இரண்டு சிறிய நிகழ்ச்சிகள். ஒன்று, எழுத்தாளர் தன் எழுத்தை வாசிக்கும் அரை மணி நேரம். பேனலுக்கு நூறு பேர் வரும் எழுத்தாளரின் வாசிப்புக்கு ஒன்பது பேர் வந்திருப்பார்கள். அச்சேறாத அத்தியாயத்தை அங்கே கேட்கலாம், முடிந்ததும் நின்று பேசலாம். இன்னொன்று, ஒரு மேசையைச் சுற்றி எட்டு பத்துப் பேர் மட்டும் எழுத்தாளரோடு உட்கார்ந்து பேசும் சந்திப்பு. காஃபிகிளாட்ச் என்று ஜெர்மன் பெயரில் நிரலில் போட்டிருப்பார்கள். இதற்கு முன்னரே பெயர் எழுத வேண்டும், தாள் பதிவு மேசைப் பக்கம் இருக்கும், சீக்கிரம் நிரம்பிவிடும். காலையிலேயே போகச் சொன்னதற்கு இது முக்கியக் காரணம். உள்ளூர் மாநாட்டின் பெரிய அனுகூலமே இந்த அளவுதான். உலக மாநாட்டில் ஆயிரக்கணக்கானோருக்கு நடுவே எட்டிப் பார்க்க வேண்டிய ஒருவர், இங்கே உங்களுக்கு முன்னால் காபிக்கு நின்றுகொண்டிருப்பார். கையெழுத்தும் இந்த வகை மாநாட்டில் பெரும்பாலும் இலவசம். புத்தகப் பொதியோடு போனால், ஒரு சுற்றில் இரண்டு மூன்றுதான், மீதிக்கு மறுபடி வரிசையின் கடைசிக்குப் போகச் சொல்வார்கள்.

விற்பனை அறைக்கு இரண்டு முறை போங்கள். முதல்முறை வாங்காமல் சுற்றிப் பாருங்கள், சாயங்காலம் வாங்குங்கள். அச்சில் இல்லாத பழைய காகித அட்டைப் புத்தகங்கள் இன்னும் இங்கேதான் அகப்படுகின்றன, விற்பவருக்கு ஒவ்வொன்றின் கதையும் தெரியும். எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்கலாம் என்று அவரிடம் கேட்டால் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு ஒன்றை எடுத்து நீட்டுவார், அநேகமாகச் சரியாக இருக்கும். ஓவியக் கண்காட்சி வேறு விதம். பையை வாசலில் விட வேண்டும், உள்ளே படம் எடுக்கக் கூடாது. ஒவ்வொரு ஓவியத்தின் பக்கத்திலும் ஒரு தாள் தொங்கும். வேண்டுமென்றால் அதில் உங்கள் எண்ணையும் தொகையையும் எழுத வேண்டும், அடுத்தவர் அதற்கு மேல் எழுதுவார். ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் எழுதப்பட்டால் அது வாய்மொழி ஏலத்துக்குப் போகும். விளையாட்டாக எழுதாதீர்கள், கடைசிப் பெயர் உங்களுடையது என்றால் பணம் கட்டித்தான் ஆக வேண்டும். ஏல நேரத்தில் வாங்கும் எண்ணமே இல்லாவிட்டாலும் பின் வரிசையில் உட்கார்ந்து பாருங்கள், நல்ல பொழுதுபோக்கு.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. மாநாட்டுக்கு வருகிறவர்கள் சாப்பிட மறப்பது அவ்வளவு சகஜம் என்பதால் ஒரு பழைய விதியே இருக்கிறது: ஒரு நாளைக்குக் குறைந்தது ஐந்து மணி நேரத் தூக்கம், இரண்டு வேளைச் சாப்பாடு, ஒரு குளியல். அந்த மூன்றாவது எண்ணை எழுதி வைக்க வேண்டிய நிலை வந்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள். பல ரசிகர் மாநாடுகளில் கான் சூட் என்ற ஓர் அறை இருக்கும். தின்பண்டமும் குடிக்க ஏதாவதும் உறுப்பினர்களுக்கு இலவசமாக வைத்திருப்பார்கள். தனியாக வந்தவருக்கு மாநாட்டிலேயே சிறந்த இடம் அதுதான். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு "இங்கே உட்காரலாமா" என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை. பேச்சைத் தொடங்க, "காலையில் எந்தப் பேனலுக்குப் போனீர்கள், எப்படி இருந்தது?" என்ற ஒரு கேள்வி போதும். என்ன வேலை, எந்த ஊர் என்பதெல்லாம் அங்கே யாரும் முதலில் கேட்பதில்லை. ஒரு மணி நேரம் பேசிவிட்டு, பெயரே கேட்காமல் பிரிவதும் நடக்கும்.

வேடங்கள் காலையிலிருந்தே கண்ணில் படும். நீங்கள் அணிய வேண்டுமா என்றால், கட்டாயம் இல்லவே இல்லை, சாதாரண உடுப்பில் வருகிறவர்கள்தான் அதிகம். இந்தப் பழக்கத்துக்கும் வயது அதிகம். 1939 மாநாட்டுக்கே மிர்ட்டில் டக்ளஸ் என்ற ரசிகை எதிர்கால மனிதர்களின் உடை என்று இரண்டைத் தைத்து, ஒன்றைத் தானும் மற்றொன்றை ஃபாரஸ்ட் அக்கர்மனும் அணிந்து வந்தார்கள். பிராட்பரிக்குக் கடன் கொடுத்தவர் இந்த அக்கர்மன்தான். உடைக்கு ஃபிராங்க் ஆர். பால் என்ற ஓவியரின் படங்களும் ஒரு முன்மாதிரி, அந்த மாநாட்டின் சிறப்பு விருந்தினரே அந்த பால்தான். நீண்ட நாள் அக்கர்மன் பெயரே பேசப்பட்டது, தைத்தவரின் பெயர் பின்னால் போய்விட்டது. இப்போது அவருக்குரிய இடத்தைக் கொடுக்கிறார்கள். இன்றும் வேடமணிந்து வருபவரிடம் கேட்க வேண்டிய சரியான கேள்வி "நீங்களே செய்தீர்களா?" என்பதுதான். அந்தக் கவசம் யோகா விரிப்பில் வெட்டியது, அந்தக் குழாய் ஒரு துணி துவைக்கும் எந்திரத்திலிருந்து வந்தது என்று பதில் சுலபத்தில் முடியாது.

படம் எடுக்கும் முன் கேளுங்கள், தொடும் முன் நிச்சயமாகக் கேளுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். வேடத்தோடு ஆயுதம் மாதிரி ஏதாவது கொண்டு வந்தால் வாசலில் பார்த்து, உறையிலிருந்து உருவ முடியாதபடி கட்டிவிடுவார்கள். கூர்மையானதும் சுடக்கூடியதும் பொதுவாக உள்ளே வராது. மேடைப் போட்டிக்குத் தனி விதிகள் உண்டு. சில மாநாடுகளின் விதிகளில் வேர்க்கடலை வெண்ணெய் கூடாது என்று ஒரு வரி இருக்கும். 1972 உலக மாநாட்டில் ஒருவர் உடம்பெல்லாம் அதைப் பூசிக்கொண்டு மேடையேறியதன் விளைவு அது. விளக்குச் சூட்டில் வாடை கிளம்பி, பக்கத்தில் நின்றவர்களின் உடைகளிலும் அது ஒட்டியது. போட்டியில் முதல்முறை கலந்துகொள்பவர்களைப் பல வருட அனுபவசாலிகளோடு மோதவிடாமல் தனிப் பிரிவு வைப்பது பல இடங்களில் வழக்கம். அந்த இரவு நிகழ்ச்சிக்குக் கட்டாயம் இருங்கள்.

அதன்பிறகு என்ன இருக்கும் என்பது மாநாட்டைப் பொறுத்தது. ஓர் அறையில் படம் ஓடும், அதை வீட்டிலும் பார்க்கலாம். விளையாட்டு அறையில் பலகை விளையாட்டு மேசைகள் நள்ளிரவு தாண்டியும் ஓடும், ஓர் ஆள் குறைகிற மேசை எப்போதும் இருக்கும். நான் பரிந்துரைப்பது ஃபில்க் வட்டம். விண்கலம், ரோபோ, தொலைந்த காலப்பயணி என்று ரசிகர்களே பாட்டு எழுதி, வட்டமாக உட்கார்ந்து பாடுவார்கள். முறை உங்களிடம் வரும்போது நீங்கள் பாடலாம், பிறரைப் பாடச் சொல்லிக் கேட்கலாம், அல்லது அடுத்தவருக்கு விட்டுவிடலாம். குரல் நன்றாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கேட்டால் உங்களுக்கே புரியும்.

எல்லாம் தேனும் பாலுமாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை. இந்த வட்டத்தில் சண்டைக்குப் பஞ்சமே கிடையாது. முதல் உலக மாநாட்டிலேயே எதிர்க்கோஷ்டி என்று ஃபிரெடரிக் போல், டொனால்ட் வோல்ஹெய்ம் உள்ளிட்ட ஆறு பேரை உள்ளே விடவில்லை. பின்னாளில் அந்த இருவருமே பெரிய பதிப்பாசிரியர்கள் ஆனார்கள். கோஷ்டிச் சண்டை புதியவரைத் தொடாது. உங்களைத் தொடக்கூடியது தொல்லை கொடுக்கும் ஆட்கள். இப்போது ஏறக்குறைய எல்லா மாநாட்டுக்கும் எழுதி வெளியிட்ட நடத்தை விதிகள் இருக்கின்றன, புகார் சொல்ல யாரிடம் போவது என்றும் அதில் இருக்கும். சந்தா கட்டும் முன் அதைத் தேடிப் பாருங்கள். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றால் நான் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிப்பேன்.

தனியாக வருகிறவருக்கு எனக்குத் தெரிந்த நல்ல மருந்து ஒன்று உண்டு: இரண்டு மணி நேரம் வேலை செய்யுங்கள். மதியம் பதிவு மேசையிலோ அமைப்பாளர் அறையிலோ போய், "ஏதாவது உதவி வேண்டுமா" என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொன்ன மாநாட்டை நான் பார்த்ததில்லை. கதவருகே நின்று பேட்ஜ் பார்ப்பது, மேசைக்குத் தண்ணீர் வைப்பது, ஐந்து நிமிடம் பாக்கி என்ற அட்டையைப் பேனலுக்குக் காட்டுவது மாதிரி வேலைகள். கூச்சமுள்ளவருக்கு இது ரொம்பச் சௌகரியம், ஏனென்றால் பேச ஒரு காரணம் கையில் இருக்கும். மாலைக்குள் பத்துப் பேருக்கு உங்கள் முகம் தெரிந்துவிடும். இப்படி உதவப் போனவர்கள் எங்கெல்லாம் போயிருக்கிறார்கள் என்பதற்கு ஜப்பானில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1981இல் ஒசாகாவில் நடந்த டைகான் மாநாட்டின் தொடக்க விழாவுக்காக மாணவர்கள் சிலர் சொந்தமாக ஒரு குட்டி அனிமேஷன் படம் வரைந்தார்கள். 1983 மாநாட்டுக்கு இன்னொன்று. அந்தக் கூட்டத்திலிருந்துதான் கைனாக்ஸ் என்ற அனிமேஷன் நிறுவனம் பிறந்தது. வரைந்தவர்களில் ஒருவரான ஹிடேயாகி ஆன்னோ இன்று ஜப்பானின் முக்கிய இயக்குநர்களில் ஒருவர். உங்களிடம் யாரும் அதை எதிர்பார்க்கவில்லை, தண்ணீர் வைத்தால் போதும்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூடிய அறைகளில் நிறையப் பேர், குறைந்த தூக்கம், நாள் முழுக்கப் பேச்சு. இதன் பலனாக அடுத்த வாரம் வரும் சளி காய்ச்சலுக்கு ரசிகர்களிடம் தனிப்பெயரே உண்டு. முகக்கவசம் அணிய நினைத்தால் தயங்காமல் அணியுங்கள், பலர் அணிந்திருப்பார்கள். வசதியான செருப்பு, தண்ணீர் பாட்டில், ஒரு மெல்லிய மேலுடை (ஓர் அறை கொதிக்கும், அடுத்தது உறையும்), போன் சார்ஜர். மதியத்தில் ஒரு மணி நேரம் வெளியே போய் நடந்துவிட்டு வந்தால் இரவு வரை தாங்கும்.

கிளம்பும் முன் இலவச மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். பக்கத்து ஊர்களில் நடக்கப்போகும் மாநாடுகளின் துண்டறிக்கைகள், மாதாமாதம் கூடும் வாசகர் குழுக்களின் விவரம் எல்லாம் அங்கேதான் கிடக்கும். ஒரு நாள் மாநாட்டைவிட அந்த மாதக் கூட்டங்கள்தான் உங்களுக்கு அதிகம் பயன்படும். அங்கே பத்துப் பேர்தான் வருவார்கள், அவர்களில் நான்கு பேரை நீங்கள் ஏற்கெனவே சனிக்கிழமை பார்த்திருப்பீர்கள். குறைகள் ஏதாவது தோன்றினால் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஞாயிறு கடைசியில் அதற்கென்றே ஒரு கூட்டம் வைத்து, அமைப்பாளர்கள் மேடையில் உட்கார்ந்து திட்டு வாங்கிக்கொள்வார்கள், நீங்கள் இல்லாவிட்டாலும் உங்கள் சீட்டைப் படிப்பார்கள். அடுத்த ஆண்டுச் சந்தாவையும் அங்கேயே ஒரு மேசை போட்டு விற்பார்கள். வருடத்தில் அதற்கு மிகக் குறைந்த விலை பெரும்பாலும் அந்த வார இறுதியில்தான். நாள் பிடித்திருந்தால் அப்போதே வாங்கிவிடுங்கள், இந்தமுறை மூன்று நாளுக்கும் சேர்த்து.